டயட் சார்ட்டுக்கு முன்னால் மளிகை பில்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது டயட் சார்ட். காலை ஏழு மணிக்கு இது, பதினொரு மணிக்கு அது என்று கட்டம் போட்ட தாள். திருச்சியில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், அந்தத் தாளைப் பற்றிப் பேசுவதற்கு முன் போன மாத மளிகை பில்லைக் கேட்பேன். "எனக்குத்தானே சுகர், வீட்டுச் சாமான் கணக்கு எதுக்கு?" என்பார்கள். சார்ட் ஒருவர் பெயரில் இருக்கிறது, அடுப்பு நாலு பேருக்கு எரிகிறது. ஒருவருக்கு மட்டும் தனியாக ஓட்ஸ் காய்ச்சி, தனியாகச் சப்பாத்தி போட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? சமைக்கிறவருக்கு முதலில் அலுக்கும், அப்புறம் சாப்பிடுகிறவருக்கு. ராத்திரி எட்டரை மணிக்குக் களைத்துப்போய் அடுக்களைக்குள் நுழைகிறவர், அங்கே என்ன இருக்கிறதோ அதைத்தான் சமைப்பார். அதனால் உணவுத் திட்டம் மளிகைக் கடையிலேயே பாதி முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி.

சரி, கணக்கைப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீடு. மாதம் ஒரு 25 கிலோ அரிசி மூட்டை, இட்லி அரிசி 5 கிலோ, கோதுமை மாவும் ரவையும் சேமியாவும் சேர்த்து இன்னொரு 5 கிலோ. துவரம் பருப்பு ஒன்றரை, உளுந்து ஒன்றரை, மற்ற பருப்பெல்லாம் சேர்த்து அரை கிலோ. எண்ணெய் எல்லா வகையும் சேர்த்து 5 லிட்டர். சர்க்கரையும் வெல்லமும் 4 கிலோ. என் மேசைக்கு வரும் பில்கள் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன. இதைத் தலைக்கு, நாளுக்கு என்று பிரித்தால் தானியம் சுமார் 290 கிராம், பருப்பு 29 கிராம், எண்ணெய் 38 கிராம், இனிப்பு 33 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்குச் சொல்வது தானியம் 250 கிராம், பருப்பு-பயறு 85 கிராம், எண்ணெய் 27 கிராம், காய்கறி 400 கிராம். தானியத்தில் நாம் கொஞ்சம்தான் தாண்டுகிறோம். எண்ணெயில் நன்றாகவே தாண்டுகிறோம். பருப்பில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. ரேஷனில் கிடைக்கும் 1 கிலோ துவரம் பருப்பை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதில் வைக்கும் சாம்பாரில் புளித்தண்ணீர்தான் ஓடும்.

நாம் எல்லோரும் அரிசியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, இந்தப் பருப்புப் பள்ளத்தை மறந்துவிடுகிறோம். உடம்பு எடை 60 கிலோ உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராம் புரதம் தேவை. அது பருப்பிலிருந்தும் பயறிலிருந்தும், முட்டை, மீன், பால், தயிரிலிருந்தும் வராதபோது பசி அடங்காது. பசி அடங்காதவர் இன்னொரு கரண்டி சோறுதான் போட்டுக்கொள்வார், வேறென்ன செய்வார்?

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. நம் நாட்டவர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது சொல்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை, சிறுதானியம் என்று தானியத்தை மட்டும் மாற்றியதில் நீரிழிவு ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் புரதத்துக்கு மாற்றுவதோடுதான் ஆபத்துக் குறைவு சேர்ந்து வந்தது. நடைமுறையில் தினமும் பார்ப்பதும் இதுதான். "சோத்தை விட்டுட்டேன் மேடம், இப்ப வரகுதான்" என்று வருகிறவரின் தட்டில் வரகு குவியலாக இருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். வரகிலும் சாமையிலும் நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் அளவு குறையாவிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பரிசோதித்துப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். மாவாக அரைத்துத் தண்ணீராகக் குடிக்கும்போது அது வேகமாகச் செரித்து ரத்தத்தில் கலந்துவிடும்.

பில்லில் என்ன மாற்றச் சொல்கிறேன்? அரிசி மூட்டையை 25-லிருந்து 20 கிலோவாக்குங்கள். அதற்குப் பதில் கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று கலந்து மூன்றரை கிலோ. தலைக்கு 50 கிராம் வீதம் வாரம் நாலு நாள் சுண்டலோ குழம்போ வைக்க இது போதும். 50 கிராம் கொண்டைக்கடலையில் 9, 10 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் ஒரு முட்டைக்கு 6 கிராம். எண்ணெய் 5 லிட்டரை மூன்றரையாக்கி, மாத நடுவில் தீர்ந்தால் வாங்காமல் இருந்து பாருங்கள். இந்த ஒரு விதி வேலை செய்கிற அளவுக்கு எந்த அறிவுரையும் செய்வதில்லை.

காய்கறிதான் வீட்டுக்கு வீடு தகராறு. தலைக்கு 400 கிராம் என்றால் நாலு பேருக்கு வாரம் 11 கிலோ. கேட்டதும் சிரிப்பார்கள். பலர் வாங்குவது இதில் பாதிகூடத் தேறாது, அதிலும் வெங்காயம் தக்காளி போக மிச்சம் சொற்பம். தென்னூர் உழவர் சந்தைக்கோ காந்தி மார்க்கெட்டுக்கோ வாரம் இரண்டு தடவை காலையில் போய் வருவது, தெருவில் வரும் வண்டியில் அன்றன்றைக்குக் கால் கிலோ வாங்குவதைவிட மலிவு. பீன்ஸ், கேரட், காலிஃபிளவர்தான் சத்து என்றில்லை. புடலை, பீர்க்கு, சுரை, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு எல்லாம் விலை குறைவு, தட்டையும் நிரப்பும்.

வாங்கியதைச் சமைப்பதற்கு ஒரு கிழமைத் திட்டம் வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. 2022-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் எந்தக் கிழமைக்கு என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைப்பவர்களுக்கு "இன்னைக்கு என்ன செய்யலாம்" என்ற யோசனை மிச்சம். நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் அப்படி ஒரு தாள் ஒட்டலாம். அதில் நான் எழுதச் சொல்வது சமைக்கும் நாளை இல்லை, ஊறவைக்கும் நாளை. ஞாயிறு ராத்திரி கொண்டைக்கடலை, செவ்வாய் ராத்திரி தட்டைப்பயறு, வியாழன் ராத்திரி மொச்சை. பயறு ஊறிவிட்டால் மறுநாள் யாரும் அதைத் தூக்கி எறியப் போவதில்லை, எப்படியாவது குக்கருக்குள் போய்விடும். ஊறவைக்க மறந்த நாளில்தான் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் வரும்.

மாவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரைத்த இட்லி மாவு வியாழன்வரை ராத்திரி டிபனைத் தீர்மானித்துவிடுகிறது. இதைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய் வரும் பெண்களுக்கு அந்த மாவுப் பாத்திரம் செய்கிற உதவியை வேறு யாரும் செய்வதில்லை. இட்லியில் பெரிய சிக்கலும் இல்லை. சிக்கல் தோசையில், அதுவும் பொடியும் எண்ணெயுமாகச் சாப்பிடும் ஐந்து தோசையில். தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றாலே 25 மில்லி ஆச்சு, நாள் முழுவதற்குமான அளவு கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது. வாரத்தில் ஒரு தடவை இட்லி மாவுக்குப் பதிலாக அடை மாவு அரையுங்கள். அரிசி ஒரு பங்கு, துவரை, கடலை, உளுந்து, பாசிப்பருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பங்கு. மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்கத் தேவையில்லை. முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை சாப்பிட்டவர் மூன்றாவதைக் கேட்பது அபூர்வம்.

மதியச் சாப்பாட்டில் நம் பழக்கம் மூன்று சுற்று. சாம்பாருக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. "ரசம் சாதம் வேண்டாம்" என்று சொன்னால் நம்மூர்க்காரர் ஆலோசகரையே மாற்றிவிடுவார், நியாயம்தான். நான் சொல்வது, உங்களுக்கு உரிய சோற்றை முதலிலேயே தட்டில் போட்டு, அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் மேசைக்கு வர வேண்டாம், அடுப்படியிலேயே இருக்கட்டும். காயையும் கூட்டையும் பாதி தின்ற பிறகு சோற்றைத் தொடுங்கள். இந்த வரிசை மாற்றத்தாலேயே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணியும்.

மாலை நாலு மணியிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரையிலான இடைவெளியில்தான் பெரும்பாலான திட்டங்கள் சரிகின்றன. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஐந்து மணிக்குப் பசிக்கும். அந்த நேரத்தில் கம்பெனி வாசல் டீக்கடையில் வடை, பஜ்ஜி, பன். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாலு டீக்கு 40 கிராம். சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பசியை அடக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதே கிடையாது. காலையில் வைத்த சுண்டலில் ஒரு டப்பா எடுத்துப் போங்கள், ஐந்து மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு டீயைக் குடியுங்கள். அதைச் சாப்பிட்டவர் ராத்திரி தோசையின் எண்ணிக்கையைத் தானாகக் குறைக்கிறார். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு மணிக்கணக்கு ஒத்துவராது. அவர்களுக்கு வீட்டிலிருந்து ஒரு டப்பா கூடுதலாகப் போவதுதான் திட்டமே.

இதில் யாரும் கணக்கெடுக்காத தட்டு ஒன்று உண்டு. சமைக்கிற பெண்ணுடையது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர் உட்காரும்போது கூட்டு தீர்ந்திருக்கும், சோறு மிச்சமிருக்கும். "வீணாப் போகுதே" என்று அதைச் சாப்பிடுவார், பிள்ளை வைத்துவிட்டுப் போன அரைத் தோசையும் சேர்த்து. கணவருக்குச் சர்க்கரை என்று ஆலோசனைக்குக் கூட வந்த மனைவிக்கு ரத்தத்தைப் பரிசோதித்தால் ஹீமோகுளோபினும் குறைவாக இருக்கும், சர்க்கரையும் எல்லையில் நிற்கும். அதனால் கூட்டு இறக்கியதும் அவர் பங்கை ஒரு கிண்ணத்தில் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று கணவரைப் பார்த்துத்தான் சொல்வேன். சிலர் செய்கிறார்கள்.

உடற்பயிற்சிக்கு வருவோம். வாரம் 150 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்குப் போக முடிந்தவர்கள் போகட்டும். முடியாதவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தால் நாளுக்கு அரை மணி நேரம் வந்துவிடும். மொட்டை மாடி போதும், தெரு போதும். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸைத் தாங்களே இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினை அதிகம் எதிர்பார்ப்பதில்லை. சர்க்கரைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் நடை பலன் தருவது இதனால்தான்.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று கேட்காத பெண்கள் இல்லை. வீட்டு வேலை அசதியைத் தரும், மூச்சு வாங்க வைப்பது குறைவு. தசையைப் பலப்படுத்துவது அதிலும் குறைவு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கைகளிலும் தூக்குவது, இதெல்லாம் 60 வயதைத் தாண்டியவர்களும் செய்யலாம். முழங்கால் வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுச் செய்யுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, பயறு, முட்டையை என் பேச்சைக் கேட்டுக் கூட்டிவிடக் கூடாது, உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுதான். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாமல், திட்டத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எடை மெஷினில் தினமும் ஏற வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதைவிடத் தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் மேலே இருந்தால், எடை சரியாகவே இருந்தாலும் கவனிக்க வேண்டிய உடம்புதான். சர்க்கரை உள்ளவர்கள் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையைப் (HbA1c) புதிய பில்லின் முதல் மூன்று மாதம் முடிந்த பிறகு எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் அதில் கலந்திருக்கும்.