மோதலா, எதிர்ப்பாடா?

"மோதல் முடிஞ்சுது, அடுத்த அறைக்குப் போங்க." போன வாரமும் ஆட்டத்தில் இதைக் கேட்டேன். அந்த அறையில் மோதலே நடக்கவில்லை. காவலுக்கு நின்ற கோப்ளின்களுக்கு, அதாவது குட்டிப் பூதங்களுக்கு, ரொட்டி கொடுத்து, பேசியே தாண்டினோம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, ஆளுக்கொரு பாத்திரமாகி விளையாடும் மேசை ஆட்டங்களில், வழியில் யாராவது எதிரே வரும் கட்டமான 'என்கவுன்டர்' என்பதைத்தான் மோதல் என்று பெயர்க்கிறார்கள். வேர் லத்தீன் 'கான்ட்ரா', அதாவது எதிரே. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால், நம் ஊரில் என்கவுன்டர் என்றதும் போலீஸ் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும்.

மோதலில் என்ன கோளாறு? எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையே அது மாற்றிவிடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் (தொடக்கநிலை) விதிகளில், எதிரே ஒன்று வந்து நின்றதுமே என்கவுன்டர் தொடங்கிவிடும். தூரம் எவ்வளவு, திகைத்தது யார் என்று பார்த்தபின், அதன் மனநிலையை அறிய இரண்டு பகடை. 2 விழுந்தால் உடனே பாயும், 12 விழுந்தால் நட்பு. மோதல் நடக்குமா என்பதே பகடையின் கையில் இருக்க, உருட்டும் முன்பே மோதல் என்று பெயர் வைத்தால் எப்படி?

முடிவிலும் இதே வம்பு. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் பாத்திரத்தின் சில ஆற்றல்களை என்கவுன்டருக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம். ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். கடைசி எதிரி விழுந்ததுமே "மோதல் முடிந்தது, ஆற்றல் வந்துவிட்டது" என்று எங்கள் மேசையில் ஒருவர் வாதாடி அரைமணி நேரம் போனது. தப்பி ஓடிய கோப்ளின் ஆள் கூட்டி வந்தால் அது பழைய மோதலா, புதியதா?

'எதிர்கொள்ளல்' என்பாரும் உண்டு. அது ஒரு பக்கத்தார் செய்யும் செயல்; மாப்பிள்ளையைக்கூட எதிர்கொண்டுதான் அழைக்கிறோம். 'சந்திப்பு' என்றால் நேரம் குறித்துக்கொண்டு போனதுபோல இருக்கிறது.

எதிர்ப்பாடு என்று ஒரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே. வழியில் புலி எதிர்ப்பட்டது என்கிறோம். அகப்பொருளில் தலைவனும் தலைவியும் எதிர்ப்படுகிறார்கள். அங்கே யாரும் வாளை உருவுவதில்லை. 'எதிர்ப்பு' என்று காதில் விழுகிறது என்றார் ஒரு நண்பர். சரிதான், இரண்டு ஆட்டத்தில் பழகிவிடும். எதிர்ப்பட்டால் தொடக்கம், விலகிப்போய் மூச்சு வாங்க நேரம் கிடைத்தால் முடிவு. நடுவில் சண்டை வந்தால் அதை மட்டும் மோதல் என்று சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது?

விதிநூலைப் படிக்காமல் அகராதியை மட்டும் திறப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. சண்டையில் ஆளுக்கொரு முறை வரும் சுற்றான 'ரவுண்டு' என்பதை 'வட்டம்' ஆக்கியவர்களும் இவர்கள்தான். ஆறு நொடி வட்டமாம்!