பிப்ரவரியில் நின்றுபோகாத வேத வாசிப்பு அட்டவணை

டிசம்பர் வந்துவிட்டால் சபையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பாஸ்டர், வேதாகமத்தை ஒரே வருஷத்தில் வாசித்து முடிக்க நல்ல அட்டவணை எது?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "போன தடவை எங்கே நின்றீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் கொஞ்சம் தயங்கி, வேதாகமத்தின் மூன்றாம் புத்தகத்தைச் சொல்வார்கள்: "லேவியராகமம்." சிலர், "யாத்திராகமத்தில் பாதி."

ஆளுக்கு ஆள் வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு வேலை, வெவ்வேறு விசுவாச அனுபவம். ஆனால் நிற்கிற இடம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. அப்படியென்றால் குறையை வாசிக்கிறவரிடம் தேடுவதற்கு முன்னால் அட்டவணையில் தேட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. 365 நாளுக்குப் பங்கிட்டால் தினமும் மூன்றேகால் அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததும் இதே கணக்குதான்: வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196, ஏழு அதிகாரம் கைவசம்.

இந்த வேகத்தில் ஜனவரி 1-ல் ஆதியாகமத்தைத் திறந்தவருக்கு முதல் மூன்று வாரம் பிரச்சினையே இல்லை. ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு, மோசே, செங்கடல் என்று கதை தானாகவே இழுத்துக்கொண்டு போகும். ஜனவரி 24 வாக்கில் ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரத்தின், அளவுகள் தொடங்கும். 28 வாக்கில் லேவியராகமம். பிப்ரவரி முதல் வாரம் முடிந்ததும் எண்ணாகமம் 7 வந்து நிற்கும். 89 வசனம் உள்ள அதிகாரம் அது. 130 சேக்கல் நிறையில் ஒரு வெள்ளித் தாலம், 70 சேக்கலில் ஒரு வெள்ளிக் கலம், 10 சேக்கலில் ஒரு பொன் தூபகரண்டி, அப்புறம் காளை, ஆட்டுக்கடா, வெள்ளாட்டுக்கடா. இதே பட்டியல், கொண்டுவருகிற பிரபுவின் பெயர் மட்டும் மாறி, பன்னிரண்டு தடவை வரும். காலை ஆறரை மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதை வாசிக்கிறவருக்கு, அன்றைக்கு இதோடு இன்னும் இரண்டு அதிகாரம் பாக்கி இருக்கும்.

லேவியராகமத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லேவியராகமம் 16-ஐ வாசித்த அன்றே எபிரெயர் 9-ஐயும் எடுத்து வாசித்துப் பாருங்கள். பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒரு தடவை இரத்தத்தோடு திரைக்கு உள்ளே போவது எதற்காக, இயேசு செய்ததை எபிரெயர் ஏன் அந்தப் பாஷையில் சொல்கிறது என்பது ஒரே உட்காரலில் பிடிபடும். ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகும் இந்த நேர்வரிசை அட்டவணையிலோ இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே பத்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. மத்தேயு முதல் அதிகாரமே அக்டோபர் 13 வாக்கில்தான் வரும். "இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று வந்த புது விசுவாசியிடம் இந்த அட்டவணையைக் கொடுத்து, சுவிசேஷத்துக்கு அக்டோபர் வரை காத்திருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அதிகமாகக் கைமாறுவது இந்த அட்டவணைதான். அச்சடிக்க எளிது, விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நேர்வரிசைக்கு மாற்று புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-ல் தன் சபைக்காகத் தயாரித்த அட்டவணையை இன்றைக்கும் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். தினமும் ஏறக்குறைய நான்கு அதிகாரம், நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து. முதல் நாளில் ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நான்குமே ஏதோ ஒன்றின் தொடக்கம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பகுதி குடும்பமாக வாசிக்க, இரண்டு பகுதி தனியாக வாசிக்க. வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும்.

எனக்கு அந்த அட்டவணையை விட அதற்கு அவர் எழுதிய முன்னுரை பிடிக்கும். இப்படி வாசிப்பதில் உள்ள ஆபத்துகளை அவரே அதில் சொல்லியிருக்கிறார்: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்து முடித்ததே பெருமையாகிவிடலாம், கவனமில்லாமல் கண் மட்டும் ஓடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். அட்டவணையைக் கொடுக்கும்போதே அதன் பக்கவிளைவுகளையும் சொல்லிக்கொடுத்த போதகர். அடுத்த மார்ச் மாதமே, 1843-ல், 29 வயதில் இறந்துபோனார். இன்று அவருடைய அட்டவணை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அந்த எச்சரிக்கையைத்தான் காணோம்.

"நுகம்" என்று அவர் சொன்னதை நான் அடிக்கடி நேரில் பார்க்கிறேன். ஒரு சகோதரி வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த வாசிப்புத் தாளை ஒரு முறை காட்டினார். ஜனவரி முழுக்க டிக் அடையாளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்: சில நீலம், சில கறுப்பு, ஒன்றிரண்டு பென்சில். பிப்ரவரி நடுவில் மட்டும் ஒரு வரிசை முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டது. அதற்குக் கீழே தாள் வெறுமை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "பாக்கி சேர்ந்துபோச்சு பாஸ்டர். ஒரு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் ஓட்டிட்டேன். மறுநாள் திறக்கவே மனசு வரலை."

கடன்காரர் கதவைத் தட்டுவது மாதிரி ஆகிவிடுகிறது வேத வாசிப்பு. செல்போன் செயலிகளில் இது இன்னும் மோசம். "நீங்கள் இத்தனை நாள் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்று தினமும் நினைவூட்டும். அதற்குப் பயந்தே செயலியை நீக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். வாசிப்பில் பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சத்தில் ஜெபக் கூட்டத்துக்கே வராமல் இருந்தவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் அட்டவணையைக் கையில் எடுத்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரு நாள் தவறினால் அது என்ன செய்யச் சொல்கிறது என்பதைத்தான். தேதி போட்டு 365 கட்டத்தையும் நிரப்பியிருக்கிறதா? அதில் காய்ச்சலுக்கு இடமில்லை, இரவுப் பணிக்கு இடமில்லை, வீட்டில் ஒரு துக்கம் நடந்தால் அதற்கும் இடமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் கொடுத்து இரண்டு நாளைச் சும்மா விட்டிருக்கிறதா? அது நடைமுறை தெரிந்தவர் போட்ட அட்டவணை. இந்த ஐந்து நாள் கணக்கு புதிய ஏற்பாட்டுக்கு அச்சாகப் பொருந்தும்: 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து, சரியாக 52 வாரம். ஆனால் முழு வேதாகமத்தையும் ஐந்து நாள் கணக்கில் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு நாலரை அதிகாரத்துக்கு மேல் போகும். அந்த நேரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நடுத்தர நீளமுள்ள ஓர் அதிகாரத்தை உங்கள் வழக்கமான வேகத்தில் வாசித்து, கடிகாரத்தைப் பார்த்து, நாலரையால் பெருக்குங்கள். அதிகார எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். 117-ம் சங்கீதத்தில் 2 வசனம், 119-ல் 176 வசனம், கட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரி "1 அதிகாரம்" என்றுதான் இருக்கும்.

ஒரு வருஷம் என்பதும் வேத வசனத்தில் எழுதப்பட்ட கட்டளை இல்லை. மூன்று வருஷம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஓர் அதிகாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தவறிய நாட்களைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். இன்றைய தேதிக்குரியதை வாசியுங்கள், விட்டதை ஒரு மூலையில் குறித்து வையுங்கள், ஓய்வு நாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

தீர்க்கதரிசிகளில் நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். பிப்ரவரியைத் தாண்டிவிடுவார்கள். நேர்வரிசையில் ஜூலை கடைசியில் ஏசாயா தொடங்கும், அதிலிருந்து இரண்டரை மாதம் தீர்க்கதரிசிகள் மட்டுமே. எந்த ராஜாவின் காலம், யாருக்குச் சொன்னது என்று தெரியாமல் வாசித்தால் எரேமியாவுக்கும் எசேக்கியேலுக்கும் வித்தியாசம் தெரியாது. இவர்களுக்கு, சம்பவங்கள் நடந்த வரிசையில் வாசிக்கும் காலவரிசை அட்டவணையைத்தான் சொல்வேன். 2 சாமுவேல் 11, 12-ஐ வாசித்த கையோடு 51-ம் சங்கீதம் வரும். 2 இராஜாக்களின் கடைசி அதிகாரங்களுக்கு நடுவே எரேமியா வருவார், எருசலேம் விழும், புலம்பல் வரும். எஸ்றா 5-ல் பெயர் சொல்லப்படும் ஆகாயும் சகரியாவும் அங்கேயே பேசுவார்கள். ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: யோபு, யோவேல் போன்ற புத்தகங்களை எந்தக் காலத்தில் வைப்பது என்பது அட்டவணை போட்டவரின் தீர்மானம். இரண்டு காலவரிசை அட்டவணைகள் ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு நான் கொடுப்பது வேறு. லூக்கா 24 அதிகாரம், அப்போஸ்தலர் 28 அதிகாரம், கூட்டினால் 52. இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதப்பட்ட தொடர்ச்சியான வரலாறு. வாரத்துக்கு ஒரே ஓர் அதிகாரம். திங்கட்கிழமை வாசித்ததையே வெள்ளிக்கிழமையும் வாசிக்கலாம், கேள்வி எழுதலாம், சண்டை போடலாம். வருஷ முடிவில் அவர் கையில் இரண்டு புத்தகங்கள்தான் இருக்கும், ஆனால் அவை நன்றாகவே இருக்கும். துக்கத்தில் இருக்கிறவருக்கும் தூக்கம் வராதவருக்கும் அட்டவணையே வேண்டாம், சங்கீதம் போதும். எழுத்து தெரியாதவர், கண்பார்வை மங்கியவர் ஒலி வேதாகமத்தைக் கேட்கட்டும். அதுவும் வாசிப்புதான்.

பண்டிகைகளையும் காலங்களையும் வைத்துப் போகும் திருச்சபை ஆண்டைப் பின்பற்றும் சபைகளில் இருக்கிறவர்களுக்கு அட்டவணை ஏற்கெனவே கையில் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன: முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவான் நற்செய்தி பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் ஈஸ்டரைத் தொடரும் பாஸ்கா காலத்திலும் வரும். பல புராட்டஸ்டன்ட் சபைகளும் இதே சுற்றைச் சிறு மாற்றங்களோடு வைத்திருக்கின்றன. ஆண்டு தொடங்குவதும் ஜனவரியில் இல்லை, நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை. வரும் ஞாயிறு வாசகங்களை வியாழன், வெள்ளியிலேயே வாசித்துவிட்டுப் போனால் பிரசங்கம் காதில் விழும் விதமே மாறும்.

வாசிப்பு போதாது, விசுவாசத்தின் அடிப்படைகளை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஞானோபதேசம் என்பது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் நூல். 1563-ல் வெளிவந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தின் 129 கேள்வி பதில்களையும் 52 ஞாயிறுகளுக்குப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் மூன்றும் அதில் வந்துவிடும். சீர்திருத்த சபை மரபு என்பதால் திருவிருந்து, ஞானஸ்நானம் பற்றிய பகுதிகளில் உங்கள் சபை வேறுபடலாம். கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் அவரவர் ஞானோபதேசம் உண்டு.

படிப்பு என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஒரு வருஷ வேதபாட வகுப்பு, இலவசம்" என்று செல்போனில் வரும் அழைப்புகள் நிறைய. நல்லவையும் உண்டு. ஆனால் நடத்துவது எந்தச் சபை என்று கேட்டால் மழுப்புகிறார்களா, "இதை இப்போதைக்கு வீட்டில் சொல்ல வேண்டாம், உங்கள் போதகரிடமும் சொல்ல வேண்டாம்" என்கிறார்களா, ஒரு வசனத்துக்கு அவர்கள் ஆசிரியர் ஒருவரிடம் மட்டும்தான் சரியான விளக்கம் இருக்கிறது என்கிறார்களா, அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். இத்தனை வாரம் போய்விட்டோமே என்று தயங்க வேண்டாம். பெயரை மறைத்து ஆள் சேர்க்கிறவர்கள் முதல் சில மாதம் வேதாகமத்தை அழகாகவே சொல்லித்தருவார்கள், அதனால்தான் விலகுவது கடினம்.

இதெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் ஜூன் வாக்கில் நின்றுவிட்டால், ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜூலை 1 முதல் நாளுக்கு இரண்டு அதிகாரம் வீதம் புதிய ஏற்பாட்டை வாசித்தால் நவம்பர் 7-ல் முடியும். மறுநாளிலிருந்து நாளுக்கு மூன்று சங்கீதம். 119-க்கு மட்டும் தனியாக மூன்று நாள் ஒதுக்கினாலும் டிசம்பர் முடிவதற்குள் 150-ம் சங்கீதத்தில் இருப்பீர்கள்.