வேலைக்குச் சேரும் நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய அனுமதி

"சம்பளம் எதுவும் வாங்கவில்லை மேடம், பயிற்சிதான். அதுவும் வேலைக் கணக்கில் வருமா?"

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் ஆலோசகராக இருக்கிறேன். கோடை விடுமுறை தொடங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார். வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பது கேட்கும் குரலிலேயே தெரிந்துவிடும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற தாளில் அனுமதி ஜூன் 3-ஆம் தேதியிலிருந்து என்று இருக்கும். அறிமுக வகுப்புக்கு வரச்சொல்லி நிறுவனம் அழைத்ததால் மே 27-ஆம் தேதியே போய்ச் சேர்ந்திருப்பார். அந்த ஒரு வாரத்தை என்னால் சரிசெய்ய முடியாது. முன்தேதியிட்டு அனுமதி வழங்கச் சட்டத்தில் இடமில்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் படிக்க வந்தவர். வேலைக்கான வழிகள் பல இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருபவர் வேறு, அது தொடங்கும் தேதி வேறு. மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்யலாம்?" என்பதைத்தான். யார் தந்த அனுமதி, எந்தத் தேதியிலிருந்து, எந்த நிறுவனத்துக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றுக்கும் தாளைக் காட்டிப் பதில் சொல்ல முடியாதவர் இன்னும் வேலைக்குப் போகக் கூடாது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பருவத்தில் போதிய பாடங்கள் எடுக்காமல் போய் மாணவர் நிலையை இழந்தவர், காரணம் நியாயமாக இருந்தால், அதை மீட்டுத் தரும்படி குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸிடம் விண்ணப்பிக்கலாம். அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்த மீட்பு கிடையாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. புதிய ஐ-20 வாங்கி, நாட்டைவிட்டு வெளியேறி, மறுபடியும் நுழைய முயல்வதுதான் பெரும்பாலும் அவருக்கு மிஞ்சும் வழி. அப்போது விசா அதிகாரி என்ன முடிவெடுப்பார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எளிதான வழி வளாகத்துக்குள் வேலை. நூலகம், உணவுக்கூடம், ஆய்வகம், உதவி ஆசிரியர் பணி எல்லாம் இதில் அடங்கும். தனி அனுமதி அட்டை தேவையில்லை. வகுப்புகள் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். இந்த 20 என்பது எல்லா வேலைகளுக்கும் சேர்த்து. உதவி ஆசிரியர் பணிக்கே 20 மணி நேரத்துக்கு ஒப்பந்தம் இருக்க, நண்பருக்குப் பதிலாக நூலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வாரம் 23 ஆகிவிடும். அடுத்த வாரம் குறைத்துச் செய்து ஈடுகட்டலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது, ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு.

வளாகத்துக்கு வெளியே, பெட்ரோல் நிலையத்திலோ உணவகத்திலோ கையில் காசு வாங்கிச் செய்யும் வேலைதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஊரில் அப்பா கல்விக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை வாடகைக்காவது நாம் பார்த்துக்கொள்வோம் என்று போகிறான். அந்த எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் கணக்கில் வராத காசு என்பதால் அது அனுமதிக்குள் வந்துவிடாது. செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பதும் இதே கதைதான். நண்பரின் பெயரில் உள்ள கணக்கைக் கடன் வாங்கி ஓட்டினால் ஆள்மாறாட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவில் இருக்கும் நிறுவனத்துக்கு இங்கிருந்தபடி வேலை செய்யலாமா, சம்பளம் இந்திய வங்கிக்குத்தானே போகிறது என்றும் கேட்கிறார்கள். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேதான் வேலை நடக்கிறது என்பது என் நிலை. இன்றுவரை ஒருவரிடமும் நான் அதற்குச் சரி என்று சொன்னதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஐ-9 என்ற படிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் யாரை வேலைக்கு எடுத்தாலும் நிரப்ப வேண்டிய படிவம் அது. நான் இந்நாட்டின் குடிமகன், நிரந்தரவாசி, வேலை அனுமதி பெற்ற வெளிநாட்டவர் என்று சில கட்டங்கள் இருக்கும். அனுமதி இல்லாமல் சேரும் மாணவரிடம், "முதல் கட்டத்தில் குறியிடு, யாரும் பார்க்கப் போவதில்லை" என்று கடை மேலாளர் சொல்கிறார். மாணவரும் குறியிட்டுவிடுகிறார். 1996-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, தன்னைக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லி ஒரு பயனைப் பெற முயன்றவர் இந்நாட்டில் குடியேறும் தகுதியை நிரந்தரமாக இழக்கிறார். பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரை மணந்துகொண்டு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அனுமதியின்றி வேலை செய்ததைக்கூடச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. இந்த ஒரு குறியைப் பொறுத்துக்கொள்வதில்லை, விலக்கு கேட்கவும் வழியில்லை. பத்து நொடியில் போட்ட ஒரு குறி, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்தின் எதிரே வந்து நிற்கும். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

பணக் கஷ்டத்துக்குச் சட்டம் ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு முழுக் கல்வியாண்டு முடித்தபின், நாம் எதிர்பாராத, நம் கையை மீறிய காரணத்தால் நெருக்கடி வந்திருந்தால், யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸிடம் வெளிவேலைக்கு அனுமதி கேட்கலாம். உதவித்தொகை நின்றுபோவது, தாய்நாட்டு நாணயம் பெரிதாகச் சரிவது, பெரிய மருத்துவச் செலவு போன்றவை அதற்கான காரணங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் 20 மணி நேர வரம்பு இதற்கும் உண்டு. அட்டை வந்த பிறகே வேலை.

படிப்போடு சேர்ந்த பயிற்சிதான் சி.பி.டி. பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், அனுமதியைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்.ஓ., அதாவது என்னைப் போன்ற அலுவலர், ஐ-20 தாளின் இரண்டாம் பக்கத்தில் பதிகிறார். நிறுவனத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், முழுநேரமா பகுதிநேரமா என்று எல்லாம் அதில் இருக்கும். நிறுவனம் மாறினால் அனுமதி செல்லாது. பயிற்சியை இரண்டு வாரம் நீட்டித்தால் அந்த இரண்டு வாரத்துக்கும் புதிய பதிவு தேவை. முழுநேர சி.பி.டி. 12 மாதங்களை எட்டிவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி., அதாவது படிப்பை முடித்தபின் துறை சார்ந்து வேலை செய்யத் தரும் அனுமதி, கைவிட்டுப் போய்விடும். பகுதிநேரத்துக்கு இந்த இழப்பு இல்லை.

சி.பி.டி.க்கு ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. முதல் நாளிலிருந்தே பயிற்சி கட்டாயமான முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த விலக்கை வைத்து வியாபாரம் நடக்கிறது. கட்டணத்தைக் கட்டினால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம், முதல் நாளே வேலைக்குப் போகலாம் என்று தரகர்கள் அழைப்பார்கள். 2011-இல் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் சோதனைக்கு உள்ளானபோது, அங்கே பதிவு செய்திருந்த இந்திய மாணவர்கள் சிலரின் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை மாட்டினார்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. பாடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அதை நடத்தியதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரிகள்தான் என்பது 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதில் சேர்ந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். அரசே அப்படி ஒரு பொறியை வைத்தது நியாயமா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆனால் அங்கே பிடிபட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கோபத்தால் எந்தப் பயனும் இல்லை. வகுப்பே நடக்காத இடத்தில் மாணவர் என்ற நிலையும் கிடையாது என்பதுதான் அதிகாரிகளின் கணக்கு.

பட்டம் முடித்தபின் வரும் ஓ.பி.டி.யில் மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் நாட்காட்டியிடம்தான். ஐ-20 தாளில் படிப்பு முடியும் நாள் மே 15 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 90 நாள் முன்னால், பிப்ரவரி 14 முதல் விண்ணப்பிக்கலாம். 60 நாள் பின்னால், ஜூலை 14-க்குள் விண்ணப்பம் யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸைச் சேர்ந்திருக்க வேண்டும். பலர் இடறி விழுவது இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கெடுவில். நாங்கள் செவிஸ் என்ற அரசுப் பதிவு அமைப்பில் பரிந்துரை பதிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரியிலேயே பரிந்துரை வாங்கி வைத்துவிட்டு, தேர்வுகள் முடியட்டும் என்று ஏப்ரலில் அனுப்பிய ஒரு மாணவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்தபோது ஜூலை பாதி கடந்துவிட்டது. மறுபடி விண்ணப்பிக்க நாளில்லை. நான்கு ஆண்டு படிப்புக்குப் பின் கிடைத்திருக்க வேண்டிய 12 மாதங்கள் அப்படியே போயின. அதற்குப் பிறகு, பரிந்துரை தரும் நாளன்றே மாணவரை எதிரே உட்காரவைத்து இணையத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கச் சொல்கிறேன்.

அட்டை கையில் வந்து, அதில் அச்சிட்ட நாளும் வந்த பிறகே வேலை தொடங்கலாம். அந்த நாளிலிருந்து இன்னொரு கணக்கும் ஓடத் தொடங்கும். ஓ.பி.டி. காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. சனி, ஞாயிறு சேர்ந்தே 90. வேலை கிடைக்கவில்லை என்று ஊருக்குப் போய் இருந்தாலும் கணக்கு நிற்காது. அதனால் வேலை உறுதியாகாதவர்களிடம் அட்டையின் தொடக்க நாளைக் கூடுமானவரை தள்ளிக் கேட்கச் சொல்வேன். நம் உதாரணத்தில் மே 16 முதல் ஜூலை 14 வரை எந்த நாளையும் கேட்கலாம். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம், படித்த துறையோடு நேரடித் தொடர்புள்ள வேலையாக இருந்தால் போதும். இந்த முதல் ஆண்டில் சம்பளமில்லாத தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும். எழுபதாவது நாளில் பதறி வருபவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதற்றத்தைத்தான் சில கன்சல்டன்சிகள் பணமாக்குகின்றன. வேலை இல்லை, சம்பளம் இல்லை, ஆனால் பணி நியமனக் கடிதம் மட்டும் தருகிறோம், செவிஸில் எங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். 2020 அக்டோபரில், இல்லாத நிறுவனங்களில் வேலை செய்வதாகப் பதிந்திருந்த 15 மாணவர்களைக் குடியேற்ற அமலாக்கத் துறை கைது செய்ததாக அறிவித்தது. அவர்களில் 11 பேர் இந்தியர்கள். கடிதம் தந்தவர் தொலைபேசியை அணைத்துவிட்டுப் போய்விடலாம். செவிஸில் பதிந்த பொய் மாணவரின் பெயரில்தான் நிற்கும்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டங்களுக்கு மேலும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு உண்டு. தகுதியைத் தீர்மானிப்பது பட்டத்தின் பெயர் அல்ல, ஐ-20 தாளில் இருக்கும் துறைக் குறியீட்டு எண்தான். சேர்வதற்கு முன்பே அதைக் கேட்டுப் பாருங்கள். நிறுவனம், பணியாளரின் வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், சம்பளம் கட்டாயம். முந்தைய 90 நாளோடு சேர்த்து மொத்தம் 150 நாட்கள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். சம்பளமின்றி அடுத்த பணிக்காகக் காத்திருக்க வைக்கும் காலம் இங்கே வேலைக் கணக்கில் சேராது. முகவரியோ நிறுவனமோ மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நீட்டிப்பு விண்ணப்பத்தை ஓ.பி.டி. முடியும் முன்பே சேர்த்துவிட்டால், முடிவு வரும்வரை அதிகபட்சம் 180 நாட்கள் தொடர்ந்து வேலை செய்யலாம்.

எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் தேர்வாகி, எஃப்-1 அனுமதி இடையில் முடிந்துபோகும் நிலையில் இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. அது முன்பு அக்டோபர் 1 வரைதான் நீண்டது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி அடுத்த ஏப்ரல் 1 வரை நீள முடியும்.

எஃப்-2 விசாவில் உடன் வந்திருக்கும் கணவரோ மனைவியோ எந்த வேலையும் செய்ய முடியாது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்த மாணவரின் துணைவர் ஜே-2 விசாவில் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர்.

சம்பளச் சீட்டை முதல் மாதமே பாருங்கள். எஃப்-1 மாணவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கான வரியும் கிடையாது. ஓ.பி.டி. காலத்துக்கும் இது பொருந்தும். தெரியாத நிறுவனங்கள் 7.65 சதவீதத்தைப் பிடித்துவிடுகின்றன. முதலில் நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். வருமானமே இல்லாத ஆண்டிலும் 8843 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும்.

சென்ற மாதம் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செய்த கோடைப் பயிற்சிக்கு என்ன அனுமதி இருந்தது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அந்த நிறுவனம் இப்போது இல்லை. எங்கள் கணினி முறையும் இடையில் மாறிவிட்டது. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் அவர் குரல் மாறியது: "கிடைத்துவிட்டது மேடம். என் மின்னஞ்சலிலேயே இருக்கிறது." ஐ-20 தாளின் இரண்டாம் பக்கம், நிறுவனத்தின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், கீழே என் கையெழுத்து. முதல் சம்பளச் சீட்டையும் அதே மின்னஞ்சலில் சேர்த்து வைத்திருந்தார்.