சொல் விளக்கம்: கம்பம்

சிங்கப்பூரில் எழுபது வயதைத் தாண்டிய தமிழர் ஒருவரிடம் ‘சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டால், ‘கம்பத்தில்’ என்று பதில் வரலாம். தேனி மாவட்டத்துக் கம்பம் அல்ல. தூணைக் குறிக்கும் கம்பமும் அல்ல. மலாய் மொழியில் சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ தமிழர் வாயில் புழங்கிப் புழங்கிக் கம்பம் ஆயிற்று.

மலாயில் அது வெறும் இடப்பெயர் இல்லை. ‘பெர்கம்போங்’ என்றால் ஒன்றுகூடுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் மதில் சூழ்ந்த வளாகத்தைக் குறிக்கும் ‘காம்பவுண்டு’ என்ற சொல்லுக்கும் இந்த மலாய்ச் சொல்லையே அகராதிகள் மூலமாகக் காட்டுகின்றன.

தமிழர்கள் இதைத் தங்கள் சொல்லாக்கிக்கொண்ட விதம் அழகானது. மரம் மரத்தில் ஆவது போலக் கம்பம் கம்பத்தில் ஆனது. கம்பத்து வீடு, கம்பத்துக்காரர் எல்லாம் பின்னாலேயே வந்தன. சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் அந்தப் பகுதிக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர். இன்று நாம் கும்பிடும் வீரமாகாளியம்மன் கோயிலையும் அப்போது சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே சொன்னார்கள். பார்க்கும் தொழில் இடத்துக்குப் பெயரானது, இடத்தின் பெயர் சாமிக்கும் சேர்ந்தது.

எந்தக் கூட்டத்தோடு வாழ்கிறோமோ அதன் பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை ‘மக்சிக்’ என்று அழைப்பது, சந்தையைப் ‘பசார்’ என்பது, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வாங்குவதைத் ‘தாப்பாவ்’ பண்ணுவது என்பது எல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து வந்தவை அல்ல. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து பலகாரம் வரும். தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். அவர்கள் எதைச் சாப்பிடமாட்டார்கள், நாம் எதைத் தொடமாட்டோம் என்பதும் தெரியும். அந்தக் கவனம் நாளடைவில் குணமாகவே ஆகிவிடுகிறது.

1960இல் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. மறு ஆண்டு புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பெருந்தீ மூண்டு ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அடுக்குமாடிகள் வேகமாக எழுந்தன, கம்பங்கள் கரைந்தன. சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் இன்று எஞ்சியிருப்பது லோரோங் புவாங்கோக் கம்பம் மட்டும். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு வீடு வாங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கம்பத்தில் தானாக அமைந்த அக்கம்பக்கம், இங்கே விதியால் அமைகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மின்தூக்கியில் தினமும் பார்க்கும் முகத்தோடு பேசிப் பழகுவது இப்போதும் நம் கையில்தான் இருக்கிறது.

சரி, ‘கம்போங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சிற்றூர்’ இடத்தைச் சொல்கிறது, கூடி வாழ்வதைச் சொல்லவில்லை. பொருளால் மிக நெருங்கியது ‘சேரி’. ‘சேர்’ என்பதிலிருந்து பிறந்த அந்தச் சொல்லுக்கு முன்பு மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்றுதான் பொருள். தொல்காப்பியம் ‘சேரி மொழி’ என்று அங்கே புழங்கும் பேச்சையும் குறிக்கிறது. பின்னால் சாதி அந்தச் சொல்லின் மேல் ஏற்றிய இழிவை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று ஒருவரது ஊரைச் சேரி என்று எழுத எனக்குக் கை வராது.

ஆகவே கம்போங் கிளாம் போன்ற இடப்பெயர்களை அப்படியே விடலாம். பொதுவாக எழுதும்போது, தலைமுறைகளாக நாம் பேசிவந்த ‘கம்பம்’ போதும். அது எப்போதோ தமிழாகிவிட்டது. செய்திகளில் வரும் ‘கம்போங் உணர்வு’ என்பதைக் ‘கம்பத்து ஒட்டுறவு’ என்று எழுதிப் பாருங்கள். ‘எங்கள் புளோக்கில் இன்னும் கம்பத்து ஒட்டுறவு இருக்கிறது’ என்றால் கம்பத்தையே பார்த்திராத பிள்ளைக்கும் புரியும்.