பிளேஸ்டேஷனுக்கு வைரஸ் வருமா?

புதுச்சேரியில் கேம் கன்சோல் பழுது பார்ப்பது என் தொழில். "அண்ணா, பிஎஸ்4-ல (பிளேஸ்டேஷன் 4) வைரஸ் ஏறிடுச்சு" என்று செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருக்கும், அல்லது விசிறியில் தூசி அடைத்திருக்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் செட் என்றால் உப்புக்காற்றில் போர்ட்டுகள் அரித்துப் போயிருக்கும். கேம் திணறினால் முதலில் இவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கன்சோலுக்கு வைரஸ் சுலபத்தில் வராததற்குக் காரணம் உண்டு. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றுமே தங்கள் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிரலை ஓடவிடுவதில்லை. பென்டிரைவில் விண்டோஸ் வைரஸ் இருந்தாலும் பிளேஸ்டேஷன் அதை இயக்காது. பிரவுசரில் "உங்கள் பிஎஸ்4-ல் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால் அது ஏமாற்று வேலை. பக்கத்தை மூடி, குக்கீகளை அழித்துவிடுங்கள். போதும்.

இந்தப் பாதுகாப்பை நாமே கழற்றி வைப்பதுதான் ஜெயில்பிரேக். கேம் விலை நாலாயிரம், ஐந்தாயிரம் என்று இருக்கும்போது காசு கொடுக்காமல் கேம் ஏற்றிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பிஎஸ்4-இன் சிஸ்டம் மென்பொருள் 9.00 பதிப்பை எடுத்துக்கொண்டால், ஒரு பென்டிரைவைச் செருகி, பிரவுசரில் யாரோ நடத்தும் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் அனுப்பும் நிரல் கன்சோலின் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப்பகுதி வரைக்கும் அதிகாரம் பெறுகிறது. பவரை அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே வேலை. ஒவ்வொரு தடவையும் முகம் தெரியாத ஒருவருக்கு முழு அதிகாரம் கொடுக்கிறீர்கள். அப்புறம் கையொப்பச் சோதனை கிடையாது, எந்தக் கோப்பும் நிறுவப்படும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. 2005-இல் சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி-யைப் பழைய மென்பொருள் பதிப்புக்கு இறக்கித் தருவதாகச் சொல்லிப் பரவிய ஒரு ட்ரோஜன் (நல்ல நிரல் வேஷத்தில் வரும் கெட்ட நிரல்), அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த சிஸ்டம் கோப்புகளை அழித்தது. செட் திரும்ப எழவே இல்லை. அதே ஆண்டு நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான டிஎஸ்-க்கும் அப்படி ஒன்று வந்தது. பணம் திருட வந்தவை அல்ல அவை. பிள்ளை ஆசையாக வைத்திருந்த செட்டைச் செங்கல்லாக்கிவிட்டுப் போயின.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது. ஜெயில்பிரேக் செய்த செட்டில் கேம் ஏற்றுவதற்காக, நெட்வொர்க் வழியே கோப்புகளை அனுப்ப உதவும் எஃப்டிபி சர்வரை ஓடவிடுவார்கள். பல செட்களில் அதற்குக் கடவுச்சொல்லே இருப்பதில்லை. ஒரே வைஃபையில் இருக்கும் யாரும் உள்ளே போய்க் கோப்பை எடுக்கலாம், அழிக்கலாம். ஹாஸ்டலிலும் கேமிங் சென்டரிலும் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய செட் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன்பே ஆன்லைனில் உள்நுழைந்து பாருங்கள். நிறுவனம் தடை செய்த செட் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சோனியின் இணையதளத்திலிருந்து எடுத்த அப்டேட் கோப்பை பென்டிரைவில் போட்டு, சேஃப் மோடில் சிஸ்டத்தையே புதிதாக நிறுவுங்கள். பழையவர் விட்டுப்போன எதையும் வைத்திருக்காதீர்கள்.

ஜெயில்பிரேக் பக்கமே போகாதவர்களும் கணக்கைப் பறிகொடுக்கிறார்கள். 2011-இல் சோனியின் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரம் திருட்டுப் போனது, சேவை மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியது. அந்தத் திருட்டில் எந்தக் கன்சோலிலும் வைரஸ் இல்லை. இப்போது நம் ஊரில் நடப்பது "இலவச வி-பக்ஸ்" (ஃபோர்ட்நைட் கேமின் உள்நாணயம்) லிங்க், அப்புறம் பாதி விலைக்கு விற்கும் "அக்கவுண்ட் கேம்", அதாவது கேம் ஏற்கெனவே வாங்கியிருக்கும் வேறொருவர் கணக்கு. அந்தக் கணக்கின் மின்னஞ்சல் விற்றவரிடமே இருப்பதால், அவர் நினைத்த நாளில் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

உங்கள் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிள்ளையின் கணக்கில் கார்டைச் சேமிக்காமல் வாலட்டில் தேவையான தொகையை மட்டும் போடுங்கள். பணம் போய்விட்டது என்றால் பிள்ளையைத் திட்டி நேரத்தை வீணாக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.