தாயின் அரவணைப்பும் மார்ஃபினும்

அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் பருமன் சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்திவந்தார் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. 1980களில் அவரைக் குழப்பியது ஒன்றுதான்: எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். விசாரித்தால், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். டாக்டர் நோயாகப் பார்த்த சாப்பாடு, அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. போதைப் பழக்கமும் இப்படி ஓர் ஆறுதல்தானோ?

1995 முதல் 1997 வரை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (CDC) டாக்டர் ராபர்ட் அண்டாவோடு சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டோரிடம் அவர்களுடைய சிறுவயது பற்றி அவர் விவரம் திரட்டினார். அடி, வசவு, அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் ஒரு குடிநோயாளி, பெற்றோர் பிரிவு என்று சிறுவயதுக் கஷ்டங்கள் 10 வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 5 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றவர்களிடம் போதைப்பொருள் சிக்கல், புள்ளியே இல்லாதவர்களைவிட 7 முதல் 10 மடங்கு அதிகம் என்றது 2003இல் வந்த கணக்கு. இத்தனைக்கும் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர்.

சரி, இது மரபணு வேலையாக இருக்கக் கூடாதா? ஓரளவு இருக்கும். ஆனால் மூளை ஆய்வாளர் மைக்கேல் மீனியின் குழு கனடாவில் எலிகளை வைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். குட்டியை அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்தவற்றை, நன்றாக நக்கிப் பராமரிக்கும் தாயிடம் வளரவிட்டார்கள். அவை பதற்றம் குறைந்த எலிகளாகவே வளர்ந்தன. சரியான பராமரிப்பு இல்லாவிட்டால் அழுத்த ஹார்மோனுக்குக் கடிவாளம் போடும் ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன் வந்து அமரும் இடங்கள், மூளையில் குறைந்துவிடுகின்றன. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு சண்டைக்குத் தயாராகும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூளை ஆய்வாளர் ஜாக் பாங்க்செப்பின் சோதனை. 1978இல், தனியே விடப்பட்டுக் கதறிய நாய்க்குட்டிகளுக்கு மிகச் சிறிய அளவு மார்ஃபின் கொடுத்தார். தூங்கவைக்கும் அளவுகூட இல்லை, அழுகை அடங்கியது. தாயோடு ஒட்டியிருக்கும்போது மூளை தானே சுரக்கும் ஓப்பியாய்டுகள் என்னும் வலிதணிக்கும் வேதிப்பொருள்கள் அமர்கிற அதே ஏற்பிகளில்தான் மார்ஃபினும் ஹெராயினும் போய் அமர்கின்றன. அந்த அமைதியைச் சரியாக அனுபவிக்காமல் வளர்ந்த பதினைந்து வயதுப் பையனுக்கு முதல் போதை ஊசி வெறும் கிறக்கமாக மட்டும் இருக்காது. அப்புறம் அளவு ஏற ஏற மூளை அதற்குப் பழகி, இருந்த கொஞ்ச அமைதியும் மருந்தில்லாமல் கிடைக்காமல் போகும்.

புள்ளியை வைத்து ஒரு குழந்தைக்கு ஜாதகம் கணிக்க முடியாது. இது மக்கள்தொகை அளவில் போட்ட கணக்கு, தனியாளுக்குப் பொருத்தாதீர்கள் என்று 2020இல் அண்டாவே எழுதினார். அதிகப் புள்ளி வாங்கியும் போதைப் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர்.