85 சதவீதத் திறன் என்கிறார்களே, எதில்?

ஒரே கேஸ் எஞ்சினை வைத்து மின்சாரம், வெந்நீர், ஏசிக்கான குளிர்நீர் மூன்றையும் எடுப்பதுதான் ட்ரைஜெனரேஷன். அந்தத் திட்டத்தோடு உங்கள் மருத்துவமனைக்கோ ஓட்டலுக்கோ யாராவது வந்தால், விளம்பரக் கையேட்டில் ‘மொத்தத் திறன் 85%’ என்ற வரி கட்டாயம் இருக்கும். எனர்ஜி ஆடிட்டரிடம் வருவதற்குள் நிர்வாகிகள் பலர் அந்த எண்ணிலேயே பாதி முடிவெடுத்திருப்பார்கள்.

எண் பொய்யில்லை. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சமமாகக் கூட்டி வந்தது, அவ்வளவுதான். ஆனால் இப்படி மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும் ஆலைகளின் திறனைக் கணக்கிட, அமெரிக்காவின் 1978 பர்பா (PURPA) எரிசக்திச் சட்டத்தை ஒட்டிய விதிகளில் வெப்பத்துக்குப் பாதி மதிப்புத்தான்.

நம் கணக்கைப் போடுவோம். 100 யூனிட் எரிவாயுவில் நல்ல எஞ்சின் 40 யூனிட் மின்சாரம் தரும். புகையிலும், எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் ஜாக்கெட் தண்ணீரிலும் இன்னொரு 42 யூனிட் வெப்பம் பிடிக்கலாம். அதை அப்படியே சலவைக்கூடத்துக்கும் குளியலறைக்கும் அனுப்பினால், 90 சதவீதத் திறனுள்ள பாய்லரில் எரிந்திருக்கக்கூடிய 47 யூனிட் எரிவாயு மிச்சம். மீதி 53 யூனிட்டுக்கு 40 யூனிட் மின்சாரம், அதாவது 75 சதவீதம். எந்த அனல்மின் நிலையமும் இதை எட்டாது.

அதே 42 யூனிட்டை சிங்கிள் எஃபெக்ட் அப்சார்ப்ஷன் சில்லருக்கு (வெப்பத்தை ஒருமுறை பயன்படுத்திக் குளிர்நீர் தரும் இயந்திரம்) கொடுத்தால் கதை மாறும். அதன் சி.ஓ.பி. (உள்ளே போகும் ஒரு யூனிட் சக்திக்குக் கிடைக்கும் குளிர்ச்சி) சுமார் 0.7, கிடைப்பது 29 யூனிட் குளிர்ச்சி. சி.ஓ.பி. 5 உள்ள சாதாரண மின்சில்லர் அந்தக் குளிர்ச்சியை 6 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். ஆக, 100 யூனிட் எரிவாயுவுக்கு நமக்குத் தேறுவது 46 யூனிட் மின்சாரத்தின் பலன். நல்ல கம்பைன்டு சைக்கிள் (புகை வெப்பத்திலும் இன்னொரு டர்பைனை ஓட்டும்) எரிவாயு மின் நிலையமே 55 யூனிட் தரும். மின்கம்பியில் ஆகும் இழப்பு போனாலும் ஏறக்குறைய நம் 46 பக்கத்திலேயே நிற்கும். 35 சதவீதத் திறனுள்ள நிலக்கரி நிலையத்தோடு ஒப்பிட்டால்தான் ட்ரைஜெனரேஷன் தெளிவாக ஜெயிக்கிறது. புகையிலேயே ஓடி, வெப்பத்தை இருமுறை பயன்படுத்தும் டபுள் எஃபெக்ட் சில்லரில் சி.ஓ.பி. 1.2-க்கு மேல் போகும், அது பரவாயில்லை. என் கட்சி இதுதான்: வெந்நீர்த் தேவையை முதலில் தீர்த்துவிட்டு, மிஞ்சும் வெப்பத்தைக் குளிர்ச்சிக்கு விடுங்கள். வெந்நீரே தேவைப்படாத ஐ.டி. வளாகத்துக்கு இதை விற்க வருபவரிடம் கூடுதலாகவே கேள்வி கேளுங்கள்.

சில்லர் தள்ளும் வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றும் கூலிங் டவரையும் மறக்க வேண்டாம். ஒரு யூனிட் குளிர்ச்சிக்கு மின்சில்லர் 1.2 யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். சிங்கிள் எஃபெக்ட் சில்லர் 2.4. தண்ணீரும் அதே விகிதத்தில் ஆவியாகும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் இடத்தில் இது சின்னச் செலவில்லை.

இன்னொன்று, எஞ்சின் திறனை நிகர கலோரி மதிப்பில் (எரியும்போது உண்டாகும் நீராவியில் போகும் வெப்பத்தைச் சேர்க்காமல்) சொல்வார்கள்; எரிவாயு பில் அதையும் சேர்த்த மொத்த கலோரி மதிப்பில் வரும். இடையே சுமார் 10 சதவீதம் வித்தியாசம். கையேட்டின் 40, பில்லில் 36 ஆகிவிடும்.

இரவில் ஏசி தேவை குறைந்தாலும் மின்சாரத்துக்காக எஞ்சின் ஓடும். வெப்பம் ரேடியேட்டர் வழியே காற்றில் போகும். அதையும் ‘மீட்ட வெப்பம்’ என்று எழுதும் மாதாந்திர அறிக்கைகள் உண்டு. அதனால் சில்லருக்குள் போகும் வெப்பம், வெந்நீருக்குப் போகும் வெப்பம், ரேடியேட்டரில் போகும் வெப்பம் மூன்றுக்கும் தனித்தனி மீட்டர் வைக்கச் சொல்லி, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.